தூரம்

ஊட்ரம் நிலையத்திலிருந்து மருத்துவமனை வரை
கூரை வேய்ந்த நடைபாதையில்
எத்தனை தூண்கள் என்று எனக்குத் தெரியும்.
எண்ணாமல் நடக்கத்தான் தெரியவில்லை.

டாக்டர் குவெக் காகிதத்தில் ஒரு மூளை வரைந்தார்.
முந்திரிப் பருப்பு மாதிரி வந்தது. மன்னிப்புக் கேட்டார்.
பசி நீண்டால் உடம்பு தனக்குத் தானே
ஒரு துளி அபின் காய்ச்சிக்கொள்ளுமாம்.
சிலருக்கு அந்தத் துளி பிடித்துப்போய்விடுமாம்.
"உறுதியாகச் சொல்ல முடியாது, மிஸ் தில்லைக்கரசி.
ஆராய்ச்சி நடக்கிறது."

எனக்கு உறுதியாகத் தெரியும்.
காலை ஆறரைக்கு, சாங்கி சரக்குக் கிடங்கில்
பெட்டிகளின் எடையைத் தட்டச்சு செய்யும்போது
நெற்றிக்குப் பின்னால் ஒருவன் விளக்கேற்றுவான்.
வலி இல்லை. குளிர் இல்லை. அம்மாவின் குரல் இல்லை.
என்னைத் தவிர எல்லாவற்றுக்கும் எடை இருந்தது.

பகோடா தெருவில் முன்பு அபின் கடைகள்.
மூட்டை சுமந்த தோள்களைக் கழற்றி வைத்துவிட்டு
பலகையில் ஒருக்களித்துக் கிடந்த ஆண்கள்.
இப்போது அங்கே மெர்லயன் காந்தம் விற்கிறார்கள்.
கடைசிக் கடை மட்டும்
எனக்குள் குடிவந்துவிட்டது, வாடகையில்லாமல்.

இல்லை, வாடகை இருந்தது.
முதலில் தலைமுடி.
பிறகு பதினாறு மாதமாகத் தூரம் இல்லை;
தூரமே தூரமாகிப் போனது.
சிராங்கூன் சாலைக் கல்யாணத்தில் சித்தி காதோரம் வந்தாள்:
"நாள் தள்ளிப்போச்சா? விசேஷமா?"
விசேஷம்தான் சித்தி.
ஈஸ்ட்ரஜன் பூட்டிவிட்டுச் சாவியோடு போய்விட்டது.
ஸ்கேனில் என் எலும்புக்கு அறுபது வயது.
எனக்கு இருபத்தொன்பது.

எதிர்ப்படுக்கை நூர்ஹயாத்தி சொன்னாள்:
உனக்குச் சாப்பிடாமல் ஏறுவது
எனக்கு நடுராத்திரியில் மொத்த ரொட்டியையும்
நின்றபடியே தின்று தீர்த்தால் ஏறும்.
வாசல்தான் வேறு, கடை ஒன்று.
சிரித்தோம். தாதி எட்டிப் பார்த்தார்.

நேற்று பாய லேபார் கழிப்பறையில்
ஒரு பழுப்புக் கறை.
முதலில் பயம். அப்புறம் கோபம்,
யார் மேல் என்று தெரியாத கோபம்.
பையில் ஒன்றும் இல்லை. பக்கத்துச் சுவரைத் தட்டினேன்.
கீழ் இடைவெளியில் ஒரு கை வந்தது,
கண்ணாடி வளையல், ஒரு பேட்.
நன்றி என்றேன்.
"ஓகே லா."

கோப்பிக்கடையில் காயா ரொட்டி.
வெகுநேரம் மேசையில் கிடந்தது.
வெண்ணெய் உருகி வழிந்த பிறகு
ஒரு ஓரம்.
விளக்கு எதுவும் எரியவில்லை. இனித்தது, அவ்வளவுதான்.
அடிவயிறு வலித்தது. மின்விசிறிக் காற்று குளிர்ந்தது.
போனில்
அம்மா இரண்டு முறை கூப்பிட்டிருந்தாள்.