காலணிக் கட்டம்

மண்ணடி மஸ்தான் கடையில் கேட்டேன்:
துளையில்லாத பொத்தான்,
பின்னால் காது வைத்தது, பித்தளை.
"பேண்டு செட்டா?"
"சிப்பாய். ஆயிரத்து எழுநூற்று எண்பது."
பன்னிரண்டு எண்ணினார். ஒன்று கொசுறு.

எம்.சி. ரோட்டில் சிவப்புக்குக் குறைவில்லை.
நூலைப் பிரித்துத் தீக்குச்சி காட்டினேன்:
உருண்டு முத்தானால் பாலியஸ்டர்,
முடி பொசுங்கும் வாடை வந்தால் கம்பளி.
ஏழாவது கடையில் விரட்டிவிட்டார்கள்.

காப்பகத்தில் படியெடுத்த தாள்:
கோட்டு ஒன்று, குறுக்கு வார் இரண்டு,
தோட்டாப் பை ஒன்று,
எல்லாவற்றுக்கும் சம்பளத்தில் பிடித்தம்.
பெயர் இருந்த இடத்தைப் பூச்சி தின்றிருந்தது.
காலணிக் கட்டத்தில் வெறும் கோடு.
எழுதச் சோம்பிய குமாஸ்தா
என்று அப்போது நினைத்தேன்.

சித்திரை. பகல் பன்னிரண்டு.
பழைய ஜெயில் ரோட்டில்
மிச்சமிருக்கும் மதிலோரம் நிற்கிறேன்.
முதுகில் கம்பளி ஊறுகிறது.
ஷேர் ஆட்டோவிலிருந்து யாரோ சல்யூட் அடிக்கிறார்கள்.
குணாளன் கேமராவோடு தள்ளிப் போய்
"கோட்டை நேராக்கு, அசையாதே" என்கிறான்.

எப்படி அசையாமல் இருப்பது?
தார் இளகுகிறது. கால் மாற்றிக் கால் மாற்றி
நிற்கிறேன்.
கட்டத்துக்குள் கிடந்த
அந்தக் கோட்டை
உள்ளங்கால் எழுத்துக்கூட்டிப் படிக்கிறது.