நாலு கிலோமீட்டர்

ஆலை நின்றபின்னும்
தவிடு இறங்கிக்கொண்டிருக்கும் ஏழு மணிக்கு
நகக்கண்ணில் கிரீஸோடு வருகிறான் நிரோஜன்.
கணக்கு மேசையில் உலகப்படம்.
நான்கு மூலைக்கும் படி, அரைப்படி,
தேய்ந்த ஸ்பார்க் பிளக், என் கண்ணாடிக் கூடு.

புதுவயலிலிருந்து டாக்கார் வரை.
சம்பா நெல் வரத்து ஓய்ந்ததும் புறப்பாடு.
'உமையாளுக்கு நாற்பத்தாறில் கிறுக்கு' என்று
பங்காளிகள் பேசுவது காதில் விழுந்தது.
விழட்டும். அவர்களிடம் விசா கேட்கவில்லை.

சிவப்பு மை: மூடிய எல்லை.
பச்சை: திறந்தது.
பென்சில்: சந்தேகம்.
வாகா சிவப்பு. மோரே சிவப்பு.
ஆக, வண்டி மும்பையில் கப்பல் ஏறும்.
துபாயில் இறக்கி, ஷார்ஜாவில் படகு பிடித்து
ஈரான் கரையில் ஏற வேண்டும்.
'வியாழன் சாயந்தரம் மட்டும் போய் இறங்காதீங்க,
வெள்ளி லீவு, சுங்கத்துல ஆள் இருக்காது,
வண்டி வெயில்ல காயும்' என்கிறான்,
வாரம் தவறாமல் போய்வருகிறவன்போல.
எல்லாம் ராத்திரியில் போனில் படித்தது.

விசா முப்பது நாள் என்றால்
கொடுத்த நாளிலிருந்தா, நுழைந்த நாளிலிருந்தா?
இந்த ஒரு கேள்வியில் மூன்று மாலை போயிற்று.
ஐரோப்பாவுக்குத் தொண்ணூறு நாள்.
மழை பெய்தாலும் குறையும்,
காய்ச்சலில் படுத்தாலும் குறையும்.
வட்டிக் கணக்கில் வளர்ந்தவள் எனக்கு
நாள் கணக்கு பிடிபடவில்லை.
அவனுக்குப் பிடிபட்டது.

அப்புறம் கார்னே.
இருபத்தைந்து தாள், தாளுக்கு மூன்று துண்டு.
நுழையும்போது ஒன்றைக் கிழிப்பார்கள்,
வெளியேறும்போது ஒன்றை,
ஒட்டி நிற்கும் அடிக்கட்டையில் முத்திரை விழ வேண்டும்.
விழாவிட்டால் வங்கியில் கட்டிய பணம் கோவிந்தா.
விண்ணப்பத்தை அவன்தான் நிரப்பினான்,
என் எழுத்து எனக்கே புரியாது.
எஞ்சின் எண். சேசிஸ் எண். நிறம்.
செய்யப்பட்ட வருஷம். செய்த நாடு.
'வண்டிக்கே பாஸ்போர்ட்டா!' என்று
விசிலடித்தான். பிறகு
'நிறம்' என்ற இடத்தில் சாம்பல் என்று எழுதி
கொஞ்ச நேரம் பேனாவை மூடாமல் இருந்தான்.

தொண்ணூறில் அவன் அம்மா
மன்னாரிலிருந்து படகேறியபோது
வயிற்றில் ஏழு மாதம் இவன்.
பிறக்கும் முன்பே ஒரு எல்லை கடந்தவன்.
யாரும் எதையும் கிழிக்கவில்லை,
அடிக்கட்டை இல்லை.
முகாமில் பிறந்து, முகாமில் வளர்ந்து,
செக்காலை ரோட்டில் பட்டறைக்கு வந்து
மாலையில் திரும்புகிறான்.
வெளியூரில் ஒரு ராத்திரி தங்க
தாசில்தார் ஆபீசில் மனு.
இதை அவன் சொல்லவில்லை.
மதுரைக்கு ஒரு பேரிங் வாங்க
'அப்படியே தங்கிட்டு காலைல வாயேன்' என்று
நான் உளறிய அன்று தெரிந்துகொண்டது.

நேற்று மொராக்கோவின் தென்கோடிக்கு வந்தோம்.
அந்தப் பக்கச் சாவடிக்கும் மொரிட்டேனியாச் சாவடிக்கும் நடுவே
ஏறக்குறைய நாலு கிலோமீட்டர்.
தார் கிடையாது. மணலும் கல்லும்,
சக்கரம் கழன்ற கார்கள், எரிந்த டயர்.
யாருடைய மண்ணும் இல்லை என்று போட்டிருந்தது.

குனிந்து பார்த்துக்கொண்டே கேட்டான்:
'அந்த நாலு கிலோமீட்டருக்கு விசா வேணுமா அக்கா?'
வேண்டாம் என்றேன்.
'அப்ப அங்க மட்டும் நான் வரலாம்.'
சிரித்தான். நல்ல சிரிப்புதான்.
நான் அரைப்படியை எடுத்து
வேறொரு இடத்தில் வைத்தேன், காரணமில்லாமல்.
'அங்க போறதுக்கு முன்னாடி
செயினை ஒருதடவ இழுத்துக் கட்டுங்க,
மணல்ல தொங்கிப்போகும்.
நாளைக்குக் கணக்கெடுப்பு, வர மாட்டேன்.'
கடைசி பஸ்ஸின் ஹாரன் கேட்டு ஓடினான்.

இன்று படத்தை மடிக்கும்போதுதான் பார்த்தேன்.
அரைப்படி வைத்த தடத்துக்கு அடியில்,
இரண்டு சாவடிக்கும் நடுவே,
நகத்தளவு ஒரு கொட்டகை. பென்சில்.
வாசலில் ஒரு டயர். மேலே பலகை.
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்:
பஞ்சர் ஒட்டப்படும்.
இருபத்து நாலு மணி நேரமும்.