நாளைக்கு நனைத்த இலை

அரசுத் தரப்பு ஏழாம் சாட்சி நான்.
குடியாத்தம் பீடி கிளையில்
இருபத்தோரு வருடமாக எண்ணுகிறேன்,
இருபத்தைந்து ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம்.
முகம் அவ்வளவாகப் பார்ப்பதில்லை,
மடிப்பைப் பார்ப்பேன்.
தேசம்மாள் பீடிக்குத் தலை மடிப்பது
தூங்கும் பிள்ளைக்குக் காது மூடுவது போல,
இரண்டு பக்கமும் சமமாக, அவசரமில்லாமல்.

புதன்கிழமை காலை அவள் முறத்தோடு
புருஷன் பொன்னுரங்கம் வந்தான்.
முப்பத்தெட்டு கட்டு.
'அதுக்கு ஒடம்பு சரியில்ல சார், நான் எடுத்தாந்தேன்.'
பிரித்தேன்.
நூல் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது,
மடிப்பு வாய் பிளந்திருந்தது.
(அவன் தங்கை சுற்றியது என்று பிறகு தெரிந்தது.)
இரண்டு கட்டைக் கழித்தேன்.
முப்பத்தாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
வரிசையில் இன்னும் பதினாறு பேர்.
அவ்வளவுதான் நான் செய்தது.

வெள்ளிக்கிழமை பேச்சு மாறியது:
'எவங்கூடயோ பெங்களூர் பூட்டா சார்.'

பாலாற்றில் மூன்று இடத்தில் தோண்டினார்கள்.
ஊற்றுத் தண்ணீர் வந்தது, அவள் வரவில்லை.
பேர்ணாம்பட்டு தோல் ஷாப்பில்
சுண்ணாம்புத் தொட்டியைக் கலக்கினார்கள்,
அவனுக்கு அங்கேதான் ராத்திரி வேலை.
ஆட்டு மயிர் வந்தது.

சத்துவாச்சாரி கோர்ட்டில் அவன் வக்கீல்
பாஸ் புத்தகத்தை என் முகத்துக்கு நேரே விரித்தார்.
'புதன்கிழமை பீடி கொடுத்திருக்கிறார். எழுத்து யாருடையது?'
என்னுடையது.
'கையெழுத்து?'
என்னுடையது.
'செத்தவர் பீடி சுற்றுவாரா?'
யாரோ சிரித்தார்கள்.
மடிப்பு அவளுடையது இல்லை என்றேன்.
'அன்றைக்கே தெரியுமா?'
மின்விசிறி ஒரு சுற்று சுற்றி வந்தது.
தெரியும்.
'ஏன் யாரிடமும் சொல்லவில்லை?'
அந்தக் கேள்வி தேவையில்லை என்றார் நீதிபதி.
தேவை என்றுதான் எனக்குத் தோன்றியது.

கடைசியில் பேசியது இலை.
செவ்வாய் சாயங்காலம் அவள் வாங்கிப்போன
எழுநூறு கிராம், தண்ணீர் தெளித்து
ஈரச் சாக்கில் சுற்றி, மேலே குழவிக்கல் வைத்து.
போலீஸ் பார்த்தபோது பூஞ்சை பிடித்திருந்தது.
தீர்ப்பில் நாற்பத்து மூன்றாம் பக்கம்:
வீட்டைவிட்டுப் போகத் தீர்மானித்த பெண்
மறுநாளைக்கு இலை நனைக்க மாட்டாள்.
ஆயுள் தண்டனை.

வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசு
உடலைத் தேடித் தெருத்தெருவாக வந்தது.
வெட்டச் சொன்னது அங்கேயும் புருஷன்தான்.
ஊர் கூடி உடலில் பொருத்தியது,
பொழுது சாய்வதற்குள் மறுபடி எடுத்தது.
இந்த வருடமும் மாலைக்கும் தேங்காய்க்கும் குறைவில்லை.
தேசம்மாளின் அக்கா மட்டும்
சூடத்தைக் கொளுத்தாமல் கையில் வைத்துக்கொண்டு
ஆற்று மணலைப் பார்த்தபடி நின்றாள்.

இப்போது பி.எஃப். பணம்.
பதினோரு வருடம், அறுபத்தோராயிரத்துச் சொச்சம்.
வேலூர் ஆபீஸில் இறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள்.
நகராட்சியில் கேட்கிறார்கள்,
எந்த இடம், எந்தத் தேதி.
தீர்ப்பு நகலைக் கொடுத்தேன்.
'அன்று அல்லது அதையொட்டி' என்றிருக்கிறது.
தேதிக்கு எட்டுக் கட்டங்கள்,
'ஒட்டி' என்பதை எதில் எழுத?
பழைய படிவத்தைத் தேடி எடுத்தேன்.
நிரப்பியது நான்,
கட்டைவிரல் ரேகை மட்டும் அவளுடையது.
நாமினி: பொன்னுரங்கம்.
உறவு: கணவர்.
பங்கு: முழுவதும்.

புதன்கிழமை வரியை அடிக்கச் சொல்லி
யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை.
கம்பெனிக் கணக்கில் ஒரு நாள் கூடுதலாக
அவள் உயிரோடிருக்கிறாள்,
முப்பத்தாறு கட்டு, இரண்டு கழிவு.
அன்றைய கூலியை
அவன்தான் எண்ணி வாங்கிப் போனான்.