சொந்த மாவட்டம்

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம்.
எஸ்.பி. ஆபீஸுக்குக் காகிதம் வேண்டி
ஓசூர் காலேஜிலிருந்து பஸ் ஏறி வந்தவன் பெயர் யஸன்.

பாரத்தில் ஒரு கட்டம்,
சிவப்பு நட்சத்திரம் போட்டது:
சொந்த மாவட்டம்.
‘துல்கரம்’ என்றான்.
து என்று தட்டினேன்.
தூத்துக்குடியா என்றது கம்ப்யூட்டர்.

அர்த்தம் கேட்டேன். திராட்சைக் குன்றாம்.
எனக்கும் குன்றுதான்.
அதன் மேல் கொடி மாற்றிய ஹைதரும் கும்பெனியும்
கீழே இறங்கி முதலில் கேட்டது வரி.
பேட்டையில் உருது, தளிப் பக்கம் கன்னடம்,
அஞ்செட்டிக் காட்டில் இருளர்.
நான் தெலுங்கில் சண்டை போட்டுத்
தமிழில் சமாதானம் ஆகிறவன்.
அப்பா பிறந்தது சேலம் மாவட்டம்,
நான் தர்மபுரி, மகள் கிருஷ்ணகிரி.
வீடு ஒன்றுதான். வாசற்படி
ஒரு விரல்கூட நகரவில்லை.

அவன் சிரித்தான். பிறகு விரல் மடக்கினான்.
துருக்கி. இங்கிலாந்து. ஜோர்டான்.
நாலாவது விரலை மடக்காமல்
மேசை மேல் வைத்துக்கொண்டான்.
நாற்பத்தொன்பதில் ஒரு கோடு விழுந்ததாம்,
தாத்தாவின் வீடு இந்தப் பக்கம்
வயல் அந்தப் பக்கம்.
அதற்கு முந்தின வருஷமே
யாஃபாவிலிருந்தும் ஹைஃபாவிலிருந்தும்
சாவியோடு வந்தவர்கள் ஊரோரம் கூடாரம் போட்டார்கள்.
கூடாரம் சிமெண்ட் ஆச்சு, மாடி ஏறிச்சு,
இன்னும் அதற்குப் பெயர் முகாம்.

முகாம் என்றதும்
வரிசையில் பின்னால் நின்ற டிலக்சனா நிமிர்ந்தாள்.
ஸ்காலர்ஷிப் பாரம். பாம்பாறு அணை முகாம்.
‘உனக்கு என்ன மாவட்டம்மா?’
‘மன்னார் எண்டு போடுங்கோ.’
பார்த்திருக்கிறாயா என்று கேட்கவில்லை நான்,
பிறந்த தேதியே சொல்லிவிட்டது.

எத்தனை வருஷம் என்றான் யஸன் இங்கிலீஷில்.
முப்பத்தஞ்சு என்றாள்.
எங்களுக்கு எழுபது தாண்டிவிட்டது என்றான்,
ஏதோ மன்னிப்புக் கேட்பது போல.
‘அப்ப நீங்கள் முன்னுக்கு நில்லுங்கோ,’
என்று இன்னும் ஒரு அடி பின்னால் போனாள்.

கட்டத்தைக் காலியாக விட்டால்
அடுத்த பக்கம் திறக்காது.
பட்டியலை அடிவரைக்கும் இழுத்தேன்,
முப்பத்தெட்டு மாவட்டமும் தாண்டி
கடைசியில் ‘மற்றவை’.
இருவருக்கும் அதையே அமுக்கினேன்.

பிரிண்டர் சூடாகத் துப்பிய தாளில்
‘மற்றவை’க்குப் பக்கத்தில் பேனாவால்
வலமிருந்து ஏதோ எழுதினான் அவன்.
அவளும் பேனாவை வாங்கினாள்.
எழுதவில்லை. ஓரத்தில் எவ்வளவு இடம்
இருக்கிறதென்று பார்த்தாள்.

‘இது ஸ்கேன்ல விழுமா அண்ணா?’