பின்வடம்

மடத்துத் தோட்டத்துச் சுவர்
நவம்பர் மழையில் சரிந்துவிட்டதென்று
அக்கா படம் அனுப்பியிருந்தாள்.
அங்கே விடிகாலை ஆறரை.
பூம்பாறையில் பதினொன்று.
டீ கிளாஸைக் கல்மேல் வைத்துவிட்டு
விரலால் விரித்துப் பார்த்தேன்.

இத்தாலி என்று நம்ப முடியவில்லை.
படிப்படியாய் மலை, படிக்கொரு கல்கட்டு,
சாந்து இல்லை, சிமென்ட் இல்லை,
எங்கள் ஆள் யாரோ போய்க்
கட்டிவிட்டு வந்ததுபோல்.
கடைசிப் படி முடிகிற இடம்தான் வேறு.
அவளுக்கு அங்கே கடல்.
எனக்கு அங்கே
நாலு மணிக்கு மேகம் ஏறிவரும்.
மீன் வாசம் மட்டும் இருக்காது.

அவளிருக்கும் மாவட்டம் இம்பேரியா.
முதல் தடவை நான் ‘எம்பெரியா’ என்றேன்,
பெரியப்பா முறை போல.
சிஸ்டர் அமலோற்பவம்
ஜெப நேரத்திலும் அதை நினைத்துச் சிரித்தாளாம்.

அங்கும் மலைப்பூண்டு உண்டு.
உள் பள்ளத்தாக்கில் வெஸ்ஸாலிகோ என்றோர் ஊர்,
ஜூலை இரண்டில் சந்தை.
தாள் ஈரமாய் இருக்கும்போதே
கயிறில்லாமல் சடை பின்னி,
சடையாகவே விற்கிறார்கள்.
நாங்கள் கொத்தாய்க் கட்டி
அடுப்புப் புகையில் தொங்கவிடுவதை
இவள் கையால் காட்டியிருக்கிறாள்.
கடைக்காரர் இருமிக் காட்டினாராம்.
“மூக்கு மட்டும் ஊருக்குப் போயிட்டு வந்துச்சுடா.”

திருவிழாவில்
ஆளைவிடப் பெரிய சிலுவையை
ஒற்றை ஆள் சுமப்பாராம்,
இடுப்புத் தோல்பையில் அடி ஊன்றி.
முனைகளில் வெள்ளிப்பூ கிலுகிலுக்கும்.
ஆள் மாற்றும்போது
சந்தே மூச்சடக்கி நிற்குமாம்.

அவளுக்குத் தெரிந்ததையே
நான் திருப்பிச் சொன்னேன்:
செங்குத்துத் தெரு,
குழந்தை வேலப்பர் தேருக்கு
முன்னால் ஒரு வடம், பின்னால் ஒரு வடம்.
இறக்கத்தில் தேரை ஓட்டுவது
பின்னால் பிடித்திருப்பவர்கள்தான்.
ஞானஸ்நானம் வாங்கியவன் நான்;
ஆனாலும் அந்தப் பின்வடத்தில்
என் உள்ளங்கைத் தோல் கொஞ்சம் இருக்கிறது.

அவள் கிளம்பிய அன்று
வத்தலக்குண்டு பஸ்ஸின் ஏணியை
சும்மா பிடித்துக்கொண்டு நின்றேன்.
கண்டக்டர் விசிலடித்தார்.
விட்டேன்.

சரி, சுவர்.
ஆள் கிடைக்கவில்லை;
கிடைத்தவர் கேட்ட காசு மடத்தில் இல்லை.
அங்கியைத் தூக்கிச் செருகு, என்றேன்.
போனை வாளிமேல் சாய்த்து வை.
சரிந்ததை முழுக்கப் பிரி,
அரைச் சுவரை நம்பாதே.
முகம் பார்த்து அடுக்காதே, கனம் பார்த்து அடுக்கு.
மலைப்பக்கம் ஒரு சாண் சாயட்டும்.
நாலடிக்கு ஒரு பிடிகல் வை:
வெளியே கையகலம்தான் தெரியும்,
மிச்சமெல்லாம் உள்ளே நீளும்.
பின்னால் மண் கொட்டாதே, சில்லு கொட்டு.
தண்ணியை மறிக்கவா சுவர்?
மண்ணை நிறுத்திவிட்டு
தண்ணியைப் போகச் சொல்லணும்.

பதினோரு நாள்.
காங்கோ சிஸ்டர் கல் எடுத்துக் கொடுத்தார்.
முட்டிவலி மதர் நாற்காலியிலிருந்து
ஒவ்வொரு கல்லையும் குறை சொன்னார்.
நடுவில் ஒரு நாள் அக்காவின் கட்டைவிரல் நசுங்கியது;
அவள் கத்தியது தமிழில்,
அங்கே யாருக்கும் புரியாத நல்ல தமிழில்.

டிசம்பரில்
இரண்டு மலையிலும் மழை.
அவள் சுவர் நின்றது.
என் வீட்டுக்குக் கீழே
அவசரத்தில் சிமென்ட் பூசி நான் எழுப்பியது
கோழிக்கூண்டையும் கூட்டிக்கொண்டு
பொன்னழகர் கேரட் பாத்திக்குள் இறங்கியது.

“படம் அனுப்பு” என்றாள்.
அனுப்பினேன்.
விரித்துப் பார்த்திருப்பாள்;
இரண்டு நிமிஷம் சத்தமில்லை.
“தண்ணி போக வழி எங்கடா?”

கோழி ஏழும் பிழைத்துவிட்டன
என்று மட்டும் பதில் போட்டேன்.