விலை என்ற கட்டம்

பாயான் லெப்பாஸ், சுங்கப் பார்சல் கூடம்.
ஏழாம் மேசை என்னுடையது.
வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு
ஒரு பழுப்பு உறை வந்தது,
அயர்லாந்துத் தபால்தலையில் ஏதோ ஒரு பறவை.

பிரித்தேன்.
கடலின் தலையிலிருந்து உதிர்ந்த முடி போல
ஊதாவும் வெளுப்புமாய்ச் சுருண்டு,
உப்புப் பூத்து,
கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒரு வாடை.

"அகார்-அகார் லா" என்றாள் ரொஸ்னா,
பக்கத்து மேசையிலிருந்து, மூக்காலேயே பார்த்து.
தீபாவளிக்கு ரோஸ் நிறத்தில் காய்ச்சி
டைமண்டாய் வெட்டி அடுக்குவோமே,
அதற்குத் தூரத்து உறவுதான்.

உணவா, மருந்தா, தாவரமா?
மூன்று கட்டம். ஒன்றில்தான் பேனா வைக்கலாம்.

கூடவே ஒரு தாள். சாய்ந்த கையெழுத்து.
மாமியார் மருமகளுக்கு எழுதியது:
ஒரு கைப்பிடி எடு. ஊறவை.
மணலும் குட்டி நத்தையும் கழன்று போகட்டும்.
பாலில் போடு. பொங்க விடாதே,
முணுமுணுக்க மட்டும் விடு.
வடிகட்டித் தேன் சேர்.
கோர்மக்கின் நெஞ்சுச் சளிக்கு ஏழு இரவு.
எங்கள் கரையில் இதற்கு யாரும் காசு வாங்குவதில்லை,
காசு கைமாறினால் பலிக்காது.
நன்றியும் சொல்லாதே. சொன்னால் போய்விடும்.

எது போகும், எங்கே போகும் என்று
எழுதவில்லை.

விலை என்ற கட்டத்தில் ஒரு கோடு.
கோட்டைக் கணினி ஏற்காது.
சுழியம் போட்டேன், சிவப்பாய்க் கத்தியது.
பதினான்கு வருடத்தில்
விலையில்லாத ஒன்று இந்த மேசையைத் தாண்டியதில்லை.
மெல்பர்னிலிருந்து வந்த ஒருவரின் சாம்பலுக்கே
ஐம்பது ரிங்கிட் போட்டவள் நான்.

முகப்பில் நின்றாள்,
ஆயர் ஈத்தாம் மழை சொட்டும் ஹெல்மெட்டோடு.
தனக்கொடி டொனெலன்.
"எவ்வளவு கட்டணும்?" பர்ஸின் ஜிப் பாதி திறந்தாயிற்று.
"கட்டாதீங்க!"
என் குரலுக்கு நானே திடுக்கிட்டேன்.
தாளை நீட்டினேன்.

படித்தாள். சிரிக்கவில்லை.
"அவரு தொடவே மாட்டாரு.
நான்தான் குடிக்கப்போறேன்.
ராத்திரி பூரா அந்த இருமலைக் கேக்குறவ நானு."

மருந்து என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன்.
பிறகு எடுத்து, உணவில் வைத்தேன்.
விலை: ஒரு ரிங்கிட்.
பொய்தான்.
ஒரு ரிங்கிட்டுக்கு வரி கிடையாது,
கணினி வாயை மூடிக்கொண்டது.

கையெழுத்துப் போட்டு உறையை வாங்கினாள்.
"நன்..." என்றவள்
உதட்டை மடித்துக்கொண்டாள்.
ஹெல்மெட்டை மாட்டி, அதன் கண்ணாடியையும் இறக்கிவிட்டு
வெளியே போனாள்.

அடுத்தது
கைப்பேசி உறைகள், நாற்பது.
விலை தெளிவாக எழுதியிருந்தது.
எண்களைத் தட்டத் தட்ட
விசைப்பலகையெல்லாம் உப்பு.