கணக்கில் வராதவை

படிவத்தின் தலையில் அச்சடித்திருக்கிறது:
குளிர்காலக் கணக்கெடுப்பு.
காலை ஏழரை. ஊத்தான் மெலிந்தாங் படகுத்துறையில்
முதுகோடு ஒட்டிவிட்டது சட்டை.
குளிர் எங்கோ வடக்கே இருக்கிறதாம்,
பல் டாக்டர் பூன் ஹெங் சொல்கிறார்.
அதற்குப் பயந்து வந்தவைதான்
இங்கே சேற்றில் நடக்கின்றன.

அவரிடம் முக்காலியோடு தொலைநோக்கி.
என் இருவிழியின் இடக்கண்ணில் பூஞ்சைக் கறை,
எல்லாக் கொக்கும் எனக்குக் கொஞ்சம் மேகத்தோடுதான்.
படகு சுகைமியுடையது.
அவருக்கு எல்லாமே பூரோங்.
ஆனால் அவை நிற்கிற இடத்தில் முழங்கால் தண்ணீர்,
படகு தட்டும், அதுவரை தெரியும்.

திங்கள் முதல் சனிவரை
ஆலையின் எடைப்பாலத்தில் நான்.
லாரி ஏறும், எண் வரும், சீட்டைக் கிழிப்பேன்.
செம்பனைக் குலையோடு பதினெட்டு டன், காலியாய் எட்டு,
மிச்சம் யாருடைய காசோ.
இந்தப் பவளக்காலி
ஒரு மாங்காய் கனம் இருக்குமா?

நாற்பத்தொன்று.
இல்லை, நாற்பத்துமூன்று,
நீப்பா மட்டைக்குப் பின்னால் இரண்டு.
உப்புக்கொத்தி நிறைய.
நிறைய என்று எழுதக் கூடாது என்கிறார் டாக்டர்,
பத்துப் பத்தாய் விரலால் வானத்தை நறுக்கியபடி.
நூற்றறுபது என்று பேனா தொடும்போது
செம்பருந்தின் நிழல் ஒன்று சேற்றின்மேல் போயிற்று.
மொத்தக் கரையும் எழுந்து
வெள்ளையாய்த் திரும்பி, பழுப்பாய்த் திரும்பி
வேறு இடத்தில் உட்கார்ந்தது.
திரும்ப ஒன்றிலிருந்து.

அப்போதுதான் அது.
காலில் சின்னக் கொடி கட்டிய ஒன்று.
யாரோ எங்கோ பிடித்து, எண் கொடுத்து விட்டிருக்கிறார்கள்.
எச். ஏழு. மூன்றாவது
படிப்பதற்குள் அந்தக் காலையே மடக்கி
வயிற்றுக்குள் சொருகிக்கொண்டு தூங்கிவிட்டது.
சுகைமி எஞ்சினை அணைத்தார்.
தே தாரிக் நிறத் தண்ணீர்
எங்களை மெல்லப் பக்கவாட்டில் இழுத்தது.

காத்திருக்கையில், வேண்டாத நேரத்தில்,
அண்ணன் தவநேசன் ஞாபகம்.
இதே ஆற்றுமேட்டு லயத்தில் பிறந்தவன்.
அன்று வெள்ளம், பதிய யாரும் போகவில்லை,
பிறகும் போகவில்லை.
நாற்பத்தாறு வயதில் இன்னும் சிவப்பு அட்டை.
முகப்பில் ஒவ்வொரு தடவையும்
எங்கிருந்து வந்தாய் என்கிறார்கள்.
பஸ்ஸில் என்பானாம்.

ஒரு காலில் நிற்கிறது. நிற்கிறது.
என் கை நடுங்க ஆரம்பித்தபோது
சுகைமியின் சட்டைப்பையில் தங்டுட் பாட்டு,
அவர் மனைவி, மீன் வேண்டுமா வேண்டாமா என்று.
கால் ஒரு நொடி இறங்கியது.
ஒன்று. அல்லது நான்கு.
பிறகு வெறும் சேறு,
அதில் மூன்று விரல் தடம்,
அதையும் தண்ணீர் வந்து நிரப்பியது.

வாசிக்க முடியவில்லை என்று போடு என்றார் டாக்டர்.
நான் ஒன்று அல்லது நான்கு என்று எழுதினேன்.
எடைப்பாலத்தில் இப்படி எழுதினால்
அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மாலை, டவுனில் மழை தூறி நின்ற நேரம்.
பேங்க் முன்னால் கம்பி தெரியாத அளவுக்குத் தகைவிலான்கள்,
ஒன்றையொன்று நெருக்கி, கத்தி, இடம் மாறி.
அண்ணன் எப்போதும்போல்
அதற்கு நேர் கீழே மோட்டாரை நிறுத்தியிருந்தான்.
"எத்தனை வந்திருக்கு இந்த வருசம்?"
"இது கணக்குல வராதுண்ணே.
ஆத்தோரம் மட்டுந்தான்."
மேலே ஒரு தடவை பார்த்தான்.
பழைய பேப்பரால் சீட்டிலிருந்த வெள்ளையைத் துடைத்து
ஏறு என்றான்.